பேர் வெட்டின தம்ளர்

எங்கள் தியேட்டரில் சண்டைப் படம் ஓடுகிற வாரமெல்லாம் எனக்குத் தலைவலிதான். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற அக்பர் தியேட்டரை நடத்துவது என் வீட்டுக்காரர் அலி அக்பர் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். பெண்கள் டிக்கெட் கவுண்டரும் கேன்டீனும் என் பொறுப்பு. ரோஷன் பேகம் ஒரு நாள் வராவிட்டால் அந்தத் தியேட்டரில் டீயும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

கேன்டீனுக்கும் அரங்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதனால் நான் படம் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கேட்டே பஜ்ஜி போடுவேன். பிடில் அழுதால் அம்மா சாகப் போகிறாள், இடைவேளைக்கு இன்னும் நேரமிருக்கிறது. மேளம் கிளம்பினால் சண்டை, எண்ணெயைக் காய வைக்கலாம். எந்தப் படமானாலும் ஒரே மேளம், ஒரே அடி, ஒரே அலறல். இதற்குப் போய்ச் சத்தத்துக்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டுமா என்று நான் ரொம்ப நாள் நினைத்ததுண்டு.

இரண்டாயிரத்து ஐந்தில் இவர் டி.டி.எஸ். சத்தக் கருவி வைத்தார். சுவரெல்லாம் சின்னப் பெட்டிகளை மாட்டி, திரைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினார்கள். அவை பேசுவது காதுக்குக் கேட்காது, வயிற்றுக்குக் கேட்கும். முதல் நாளே என் முறுக்கு பாட்டில்களின் மூடியெல்லாம் ஆடின. "உங்க சத்தத்துக்கு எம் பாட்டில்தான் கெடச்சுச்சா?" என்று கேட்டேன். அவர் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். சிரிக்கிற ஆளிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது?

அந்த வருஷம்தான் குருவம்மாள் மகன் கதிரவன் வேலை பார்த்த படம் எங்கள் தியேட்டருக்கு வந்தது.

குருவம்மாக்கா தியேட்டருக்குப் பின் தெருவில் இருக்கிறாள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. அவள் புருஷன் கோட்டைச்சாமியும் பட்டாசுக் கம்பெனியில்தான் இருந்தார். கதிரவன் நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் அவர் இருந்த அறை வெடித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவள் மகனிடம் பேசியதில்லை, மகன் அவளிடம் கேட்டதில்லை. அழுது தீர்த்திருந்தாலாவது பரவாயில்லை, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டே வாழ்ந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் போதும், போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம். "எந்தப் பக்கம் புகை?" இதுதான் முதல் கேள்வி. என்ன ஆச்சு, யாருக்கு ஆச்சு என்பதெல்லாம் பிறகு. புகை கிளம்புகிற திசையை வைத்தே எந்தக் கம்பெனி என்று தெரியும். கம்பெனி தெரிந்தால் எந்த வீட்டு ஆள் என்று தெரியும். பட்டாசோடு சம்பந்தமே இல்லாத எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவோம்.

குருவம்மாக்காவுக்கு இது கொஞ்சம் அதிகம். லாரி டயர் வெடித்தாலும் ஓடுவாள், இடி இடித்தாலும் ஓடுவாள், கல்யாண வேட்டுக்கும் ஓடுவாள். தெருமுனைக்கு முதலில் வந்து நிற்பது அவளாகத்தான் இருக்கும். "குருவம்மா வந்தாச்சா? அப்ப சத்தம் நெசந்தான்" என்று சிலர் கேலி பேசுவார்கள். அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவு நாகரிகம் உண்டு.

கதிரவன் சென்னைக்குப் போய் சினிமா சத்தம் சம்பந்தமாகப் படித்தான். என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் குருவம்மாக்கா, "சினிமாவுல மைக் செட்டு வச்சிருக்கான்" என்பாள். அப்படியெல்லாம் இல்லையென்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். "சரிலே, ரேடியோ செட்டு" என்று ஒத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அவன் வந்துவிட்டுப் போன பிறகு அவள் வீட்டில் ஒரு தம்ளரைக் காணவில்லை. கல்யாணத்துக்கு வாங்கின எவர்சில்வர் தம்ளர், கோட்டைச்சாமி என்று பேர் வெட்டினது. வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் மேல் சந்தேகம் வந்தது, ஏனென்றால் அவள்தான் அந்த வாரம் காப்பித்தூள் கடன் வாங்க வந்தவள். "பேர் வெட்டின தம்ளர எடுத்துட்டுப் போயி என்ன செய்வேன்? எம் புருசன் பேர மாத்திக்கிடவா?" என்று கருப்பம்மாளும் விடவில்லை. ஒரே கம்பெனிக்கு ஒரே வேனில் போகிறவர்கள் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக என் கவுண்டருக்கு வந்து ஒருத்தியைப் பற்றி ஒருத்தி குறை சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் படம் பார்க்கவே தேவையில்லாமல் போனது.

மதுரையில் ஓடி முடித்த பிறகுதான் எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வரும். ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் ஆரம்பிப்பதென்று முடிவானது. கம்பெனிகளுக்கு லீவு, கூட்டம் வரும். கதிரவன் முந்தின நாளே வந்துவிட்டான். அவனும் ஆபரேட்டர் சங்கையாவும் காலி அரங்கத்தில் ஒரு ரீலைப் போட்டுச் சத்தம் சரிபார்த்தார்கள்.

நான் வழக்கம்போல் சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேளம் கிளம்பியது. சரி, சண்டை. கொஞ்ச நேரத்தில் மேளம் சட்டென்று நின்றுவிட்டது. மெஷின் நின்றுபோனதோ என்று நினைத்தேன். இல்லை. சரளைக்கல்லில் யாரோ செருப்போடு பின்வாங்கி நடக்கிற சத்தம். ஒருத்தன் மூச்சு வாங்குகிறான். எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு அடி விழுந்தது. என் தோள்பட்டை தானாகச் சுருங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

டீ குடிக்க வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "என்னலே செஞ்சே அந்த எடத்துல? மேளத்த ஏன் நிறுத்துனே?"

"ஒங்களுக்குக் கேட்டுச்சா அத்தை?" அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "விடாம மேளம் அடிச்சா எது அடி, எது மேளம்னு தெரியாது. அடி விழுறதுக்கு முன்னால காதைக் காலி பண்ணிக் குடுக்கணும். மியூசிக் டைரக்டர்கிட்ட கெஞ்சி அந்த எடத்த வாங்குனேன். அவர் போட்டது நல்ல மியூசிக்தான். நிறுத்துனதாலதான் திரும்ப வரும்போது இன்னும் நல்லாருக்கு."

"கை ஒடியிற மாதிரி ஒண்ணு கேட்டுச்சே?"

"முருங்கக்காய ஈரத்துணில சுத்தி ஒடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாம்பாருக்கு முருங்கைக்காயை ஒடித்தபோது என்னவோ போல இருந்தது. இன்றைக்கு வரைக்கும் கத்தியால்தான் நறுக்குகிறேன்.

டீயைக் குடித்து முடித்தும் அவன் போகாமல் நின்றான். தம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "அத்தை, கடைசியில ஒரு வெடி இருக்கு. அந்த ரீல இன்னிக்கிப் போடல. நாளைக்கி அம்மா பக்கத்துல நீங்க ஒக்காருங்க. சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடிருவா. ஓட விட்டுராதீக. முழுசா இருந்து கேக்கணும் அவ."

"என்ன அப்படி ஒரு வெடி? நாங்க கேக்காத வெடியா?"

"மெட்ராசுலயும் மதுரையிலயும் கை தட்டுனாங்க, விசிலடிச்சாங்க. எனக்கு அம்மா கேக்கணும் அத்தை. அம்புட்டுத்தான்." அவன் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சும்மா தன் வேலையைக் காட்டுவதற்காகக் கேட்கிறான் என்று நினைத்தேன். அப்படியே இருந்தால்தான் என்ன, பெற்றவளிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவது? அவளைப் பிடித்து உட்கார வைப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கூட்டம் நெருக்கியது. குருவம்மாக்கா எப்போதும் வாசலுக்குப் பக்கத்தில் ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவாள். நான் விடவில்லை. அவளை உள்ளே தள்ளிவிட்டு ஓரத்தில் நான் தாழ்ப்பாள் போல உட்கார்ந்துகொண்டேன். என் அகலத்துக்கு என்னைத் தாண்டி யாரும் சுலபமாகப் போக முடியாது. கருப்பம்மாள் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். கதிரவன் பின்சுவரில் சாய்ந்து நின்றான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம பய எப்பத் தாயி வருவான்?" என்று குருவம்மாக்கா என் காதில் கேட்டாள்.

"அவன் திரையில வரமாட்டான்க்கா. சத்தத்துல வருவான்."

"எந்தச் சத்தத்துல?"

"எல்லாத்துலயும்."

அவள் நம்பவில்லை. கதாநாயகன் செருப்புச் சத்தம் கேட்டபோது, "இது இவன் செருப்பா?" என்றாள். மழை பெய்தபோது, "மழைய எப்படிலே மைக் செட்டுல..." என்று முணுமுணுத்தாள். ஆனால் அப்புறம் முந்தானையைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தாள். சண்டையில் மேளம் நின்ற இடத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடி விழுந்ததும் சனம் கத்திய கத்தலில் என் பாட்டில்களை நினைத்துக்கொண்டேன். படம் சுமார்தான், உண்மையைச் சொல்ல வேண்டும். கதையில் ஆயிரம் ஓட்டை. ஆனால் ஒரு சத்தம்கூட வீணாக வரவில்லை.

முடிவுக்கு வந்தது. கதாநாயகன் தன் தம்பி வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நிற்கிறான். தம்பி தூரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், வில்லன் அங்கே போயிருக்கிறான், இது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இசை எப்போது நின்றது என்றே தெரியவில்லை. ஒரு காக்கா கத்துகிறது. தெருவில் சைக்கிள் மணி. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம். எங்கள் தெருவில் பகல் நேரத்தில் கேட்கிற அதே சத்தங்கள்.

அப்போது காலுக்குக் கீழே தரை ஒரு தடவை அசைந்தது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. தூரத்தில் வெடித்தால் முதலில் காதுக்குக் கேட்காது, காலுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுவென்று நடுங்கும். அதற்கும் பிறகுதான் சத்தம் வந்து சேரும். சினிமாவில் இதுவரை யாரும் இந்த வரிசையில் வெடித்ததில்லை. டமார் என்று ஒன்று போடுவார்கள், தீயைக் காட்டுவார்கள், நாங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்ப்போம். இது வேறு. கால், பாத்திரம், அப்புறம் அந்தக் கனத்த சத்தம். காக்காய்கள் மொத்தமாக எழும்பின.

அவ்வளவுதான். அரங்கமே எழுந்துவிட்டது.

யாரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் கத்த மாட்டார்கள், ஓடுவார்கள். நானும் எழுந்துவிட்டேன். குருவம்மாக்கா கையைப் பிடித்து, "எந்திரிங்கக்கா" என்று இழுத்தது நினைவிருக்கிறது. பின்னாலிருந்து தள்ளிய கூட்டத்தில் கை நழுவிவிட்டது. அவள் எனக்கு முன்னாலேயே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து விழுந்தேன். பிடித்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த தாழ்ப்பாளின் லட்சணம் இது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. இத்தனை பேரும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்தப் பக்கம் புகை?"

"சாத்தூர்ப் பக்கம் ஒண்ணுமில்ல."

"மேக்க பாருங்கலே, மேக்க!"

ஓட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு நின்ற பக்கத்துத் தெருப் பையன் வெள்ளைத்துரை தண்ணீர்த் தொட்டி மேலேயே ஏறிவிட்டான். எங்கேயும் புகை இல்லை. எதிர் டீக்கடைக்காரர் வடைக் கரண்டியோடு வெளியே வந்து, "என்னய்யா, அம்புட்டுப் பேரும் வெளிய வந்துட்டீக? படம் அம்புட்டு மோசமா?" என்று கேட்டார்.

"வெடிச்சது ஒமக்குக் கேக்கலயா?"

"எங்க வெடிச்சுச்சு? இன்னிக்கு ஞாயித்துக்கெழமல்ல?"

தொட்டி மேல் நின்ற வெள்ளைத்துரை தியேட்டரைத் திரும்பிப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. உடனே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள். அந்த நேரத்தில் மாடிப்படியில் என் வீட்டுக்காரரும் சங்கையாவும் தடதடவென்று இறங்கி ஓடிவந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். படம் ஓட்டுகிறவனே படத்தை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். அதற்குப் பிறகு அடக்க முடியுமா? சிரித்த சிரிப்பில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் குருவம்மாக்காவைக் காணோம்.

ரோட்டுக்கு ஓடிப் பார்த்தேன். தெருமுனையில் பார்த்தேன். கருப்பம்மாள் தனியாக நின்றாள், அவளிடம் கேட்டேன். "இன்னிக்கி அவ வரலயே? எப்பவும் அவதானே முதல்ல நிப்பா?" என்று அவளும் திகைத்தாள். கம்பெனியைப் பார்த்தே ஓடிவிட்டாளோ? கதிரவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவனைத் தேடித்தான் அரங்கத்துக்குள் போனேன்.

உள்ளே படம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் இப்போது கிடங்கு வாசலில் நின்றிருந்தான். இசை இன்னும் திரும்ப வரவில்லை. அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் விட்டுப்போன இடத்திலேயே குருவம்மாக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வரிசைக் கோடியில் கதிரவன் நின்றான். பக்கத்தில் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, நீங்க ஓடலயா?"

"எதுக்கு ஓடணும்?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது இன்னிக்கிச் சத்தம் இல்ல தாயி. அவுக போன அன்னிக்குச் சத்தம். இதுக்கு நான் அன்னிக்கே ஓடிட்டேன்."

அவளே மெதுவாகப் பேச ஆரம்பித்தாள், பல வருஷமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்கிற மாதிரி.

"அன்னிக்கி இவனுக்குக் காய்ச்சல். அதனாலதான் நான் வேலைக்குப் போகல. அவுக மட்டும் போனாக. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். மொதல்ல காலுக்குத் தெரிஞ்சுச்சு. அலமாரி நடுங்குச்சு. அப்புறம் சத்தம். காக்காயெல்லாம் எந்திரிச்சுருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. அப்ப அலமாரியில இருந்து ஒரு தம்ளர் விழுந்து உருண்டுச்சு. மெதுவா உருண்டு உருண்டு வாசப்படியில போயி நின்னுச்சு. நான் அதத் தாண்டித்தான் ஓடுனேன்." கதிரவன் நின்ற பக்கம் கையைக் காட்டினாள். "இவன் பாயில கண்ண மூடிப் படுத்திருந்தான். தூங்குறான்னுல்ல நெனச்சேன்."

கதிரவன் வந்து அவளுக்கு முன் வரிசையில் அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

"ஏலே," என்றாள் குருவம்மாக்கா, "தம்ளர் ஒங்கிட்டயா இருக்கு?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"இம்புட்டு நேரம் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் ஒக்காந்திருக்கேன். வெடியக் கேட்டப்பகூட வேற எதுவோன்னு நெனச்சேன். எந்திரிக்கத்தான் போனேன். தம்ளர் உருண்டுச்சு பாரு, அப்பத்தான் ஒக்காந்துட்டேன். நம்ம வீட்டுத் தம்ளர் எனக்குத் தெரியாதா? சொல்லிட்டுக் கொண்டு போனா என்ன?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பியேம்மா. அதச் சொல்ல எனக்கு வாய் வரல." அவன் அழுதுகொண்டேதான் சொன்னான். "ஸ்டூடியோவுல எத்தனையோ தம்ளர உருட்டிப் பாத்தேன். எதுவுமே அது மாதிரி கேக்கல. அதான்..."

"அந்தக் கருப்பம்மாகிட்ட நான் என்ன பேச்செல்லாம் பேசிட்டேன், பாவிப்பயலே." அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய கையை எடுக்கவில்லை, அப்படியே தலையில் வைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். நான் அங்கே நிற்பது சரியில்லையென்று வெளியே வந்து, யாரையும் உள்ளே விடாமல் கதவில் கொஞ்ச நேரம் நின்றேன். தாழ்ப்பாள் அப்போதுதான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

மாலைக் காட்சிக்கு என்ன செய்வதென்று பிரச்சினை வந்தது. "அந்த எடத்துல மட்டும் சத்தத்தக் கொறச்சிருவோம்" என்றார் இவர். கதிரவன் மறுபேச்சுப் பேசுவான் என்று பார்த்தேன். அவன், "கொறச்சிருங்க மாமா. சனத்தப் பயமுறுத்தவா நான் வேல செஞ்சேன்?" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

குருவம்மாக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "கொறைக்காதீக பாய். கொறச்சா தம்ளர் கேக்காது. முன்கூட்டியே சனத்துக்குச் சொல்லிப்புடுங்க, அம்புட்டுத்தான்."

விளம்பரம் காட்டுகிற கண்ணாடி சிலைடு ஒன்றில் கரி பூசி, நான் சொல்லச் சொல்லச் சங்கையா ஊசியால் எழுதினான். இடைவேளை முடிந்ததும் திரையில் காட்டினோம். "படத்தின் முடிவில் வரும் வெடிச்சத்தம் படத்தில் உள்ளது. எந்தப் பக்கமும் புகை இல்லை. உட்கார்ந்து பார்க்கவும்." படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். மத்தியானம் ஓடினவர்களில் பாதிப் பேர் விட்டதைப் பார்க்கத் திரும்பவும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். வெள்ளைத்துரை இரண்டு செருப்போடும் வந்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் காட்சிக்குக் குருவம்மாக்காவும் என் கவுண்டருக்கு வந்து, "ரெண்டு குடு தாயி, பக்கத்துப் பக்கத்துல" என்றாள். பின்னால் கருப்பம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லி அழைத்து வந்தாளோ, அவளுக்குக் காரணம் தெரிந்த மாதிரி இல்லை. உள்ளேயும் இரண்டு பேரும் பேசவில்லை. நடுவே ஒரு கை இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின் வரிசையில் இருந்தேன். கதிரவன் அதே பின்சுவரில் சாய்ந்து நின்றான்.

முடிவு வந்தது. காக்கா, சைக்கிள் மணி, பாத்திரம் கழுவுகிற சத்தம். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தோம். இருந்தும் தரை அசைந்தபோது என் விரல்கள் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டன. அலமாரி நடுங்கியது. சத்தம் வந்தது. காக்காய்கள் எழும்பின. அத்தனை பேரும் அசைந்தோம், யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதியில் எங்கள் ஊரே உட்கார்ந்திருந்தது. வெடித்த பிறகு வரும் அந்த அமைதியில் இதற்கு முன் நாங்கள் ஒரு நாளும் உட்கார்ந்து இருந்ததில்லை. எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

அப்போது ஒரு தம்ளர் விழுந்தது. மெதுவாக உருண்டது. இடது பக்கச் சுவரில் ஆரம்பித்து, எங்கள் தலைக்கு மேலாகக் கடந்து, வாசல் பக்கம் போய் நின்றது.

குருவம்மாக்கா பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள்.

"கேட்டியாத்தா கருப்பம்மா?" என்றாள், அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அது எங்க வீட்டுத் தம்ளரு. உருட்டுனது எம் மவன்தான்."